அமெரிக்காவில் கார் இல்லாமல் ஊர் சுற்ற முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 69, மனைவிக்கு 66. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரும் செப்டம்பரில் நியூஜெர்சி எடிசனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். போன தடவை போனபோது மூன்று மாதமும் ஜன்னல் வழியே புல்வெளியைப் பார்த்துக்கொண்டே கழித்தோம். மகன், மருமகள் இருவருக்கும் லீவு கிடைக்காது. இந்த முறை நாங்களாகவே இரண்டு வாரம் நியூயார்க், வாஷிங்டன், நயாகரா என்று சுற்றிவர ஆசை. அங்கே கார் ஓட்டும் தைரியம் எனக்கு இல்லை. மனைவிக்கு முழங்கால் தேய்மானம், படி ஏறினால் வலி. எனக்குச் சர்க்கரை. இருவரும் சைவம். ரயிலிலேயே சான்பிரான்சிஸ்கோ வரை போய்வர முடியுமா என்றும் சொல்லுங்கள். "அமெரிக்காவில் கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போக முடியாது" என்கிறான் மகன்.
ஒரு வாசகர், மதுரை

பதில்:

ஐயா, வணக்கம்.

பால் விஷயத்தில் உங்கள் மகன் சொல்வது சரி. ஆனால் அவர் வீடு வாங்கியிருக்கும் இடம் உங்களுக்கு அடித்த யோகம். பாஸ்டனில் தொடங்கி நியூயார்க், பிலடெல்பியா, பால்டிமோர் வழியாக வாஷிங்டன் வரை ஓடும் ரயில் பாதைதான் அந்த நாட்டிலேயே கார் இல்லாதவனுக்கு வாழ்வு கொடுக்கும் பாதை. அது எடிசனை உரசிக்கொண்டுதான் போகிறது. இதே கேள்வியை ஹூஸ்டனிலிருந்தோ பீனிக்ஸிலிருந்தோ ஒருவர் கேட்டிருந்தால், பேசாமல் மகனுக்கு லீவு கிடைக்கும்வரை காத்திருங்கள் என்றுதான் எழுதியிருப்பேன்.

பிள்ளைகளைப் பார்க்க வெளிநாடு போகும் பெற்றோருக்குப் பயணத் திட்டம் போட்டுத் தருவது என் தொழில். ஆரம்ப நாட்களில் நான் செய்த ஒரு தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போன்ற ஒரு தம்பதிக்கு வாடகை குறைவாக ஒரு ஹோட்டல் பிடித்துக் கொடுத்தேன். வரைபடத்தில் ஸ்டேஷனுக்கும் அதற்கும் 600 மீட்டர். நடந்தே போய்விடலாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டேன். போய்ப் பார்த்தால் நடுவில் ஆறு வழிச்சாலை. நடைபாதையே கிடையாது. ஓரத்துப் புல்லில் பெட்டியை இழுத்துக்கொண்டு அந்த அம்மா நடந்ததை அவர்கள் மகள் போனில் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. ரயிலில் உட்கார்ந்து போவதில் யாருக்கும் முழங்கால் வலிப்பதில்லை. ஸ்டேஷனில் இறங்கிக் கட்டிலில் படுக்கிறவரை உள்ள தூரம்தான் ஆளை அடிக்கிறது. ஆகவே ஹோட்டலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டேஷன் வாசலில் இருக்கிற அறைக்கு இரவுக்கு 40, 50 டாலர் கூடுதலாகக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். 'கார் இல்லாமல்' என்பதை விரதமாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மழை வந்தால், கால் கெஞ்சினால், ஊபர் கூப்பிடுங்கள். கார் ஓட்டத்தானே தைரியம் இல்லை? ஏறி உட்காரத் தைரியம் தேவையில்லை.

இன்னொன்று, இரண்டு வாரம் போதாது. மூன்று வாரமாக நீட்டுங்கள். போன தடவை போல மூன்று மாதம் இருக்கப் போகிறீர்கள் என்றால் என்ன அவசரம்? ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம், ஒவ்வொரு பயணத்துக்கும் நடுவில் வீட்டில் ஓரிரு நாள் ஓய்வு. எடிசன் வீடுதான் உங்களுக்குத் தலைமைச் செயலகம். பெரிய பெட்டிகள் அங்கேயே இருக்கட்டும். செப்டம்பர் முதல் திங்கள் அங்கே தொழிலாளர் தினம். அதற்குள் கோடை விடுமுறைக் கூட்டம் வடியத் தொடங்கிவிடும், வெயிலும் தணியும். அந்த வாரம் முடிந்த பிறகு கிளம்புங்கள்.

உங்களுக்கு ஸ்டேஷன் மெட்ரோபார்க். எடிசனுக்குப் பக்கத்து ஊரான இசெலினில் இருக்கிறது. லிஃப்ட் உண்டு. நடைமேடை ரயில் பெட்டியின் தளத்துக்குச் சமமாக இருப்பதால், நம் ஊர் ரயிலில் ஏறுவது போலக் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. வாசல்படி தாண்டுவது போலக் காலை எடுத்து வைத்தால் உள்ளே. உள்ளூர் ரயில்களான நியூஜெர்சி டிரான்சிட்டும், தொலைதூர ரயில்களை நடத்தும் ஆம்ட்ராக்கின் வண்டிகளில் பலவும் இங்கே நிற்கும். நியூஜெர்சி டிரான்சிட்டில் 62 வயது ஆனவர்களுக்குக் கட்டணம் ஏறக்குறைய பாதி. ஆம்ட்ராக்கில் 65 வயது ஆனவர்களுக்குப் பெரும்பாலான வண்டிகளில் 10 சதவீதம் தள்ளுபடி, ஆனால் முன்பதிவு செய்யும்போதே 'சீனியர்' என்று குறிப்பிட வேண்டும். அங்கே டிக்கெட் விலை விமானம் போல, நாள் நெருங்க நெருங்க ஏறும். தேதி முடிவானதும் வாங்கிவிடுங்கள்.

முதலில் நியூயார்க். அங்கே தங்கவே தங்காதீர்கள். அறை வாடகை கண்ணைக் கட்டும், அதற்கு மேல் ஏறக்குறைய 15 சதவீத வரி வேறு. மெட்ரோபார்க்கிலிருந்து நியூயார்க்கின் பெரிய ரயில் நிலையமான பென் ஸ்டேஷன் முக்கால் மணி நேரப் பயணம்தான். காலை ஒன்பதரைக்கு மேல் ஏறினால் அலுவலகக் கூட்டம் இருக்காது, மாலை நாலு மணிக்குள் திரும்பிவிடுங்கள். பென் ஸ்டேஷனில் இறங்கியதும் எல்லோரும் தீப்பிடித்தது போல ஓடுவார்கள். நீங்கள் ஓட வேண்டாம். அந்த நடைமேடைகள் குறுகல். இரண்டு நிமிடம் தூண் ஓரமாக நின்றால் கூட்டம் கரைந்துவிடும், பிறகு லிஃப்டைத் தேடுங்கள்.

சுதந்திர தேவி சிலைக்குப் போகும் கட்டணப் படகில் பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே கால் ஓய்ந்துவிடும். நான் அனுப்புவது ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் ஆரஞ்சு நிறப் படகில். அது ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வரும் படகு. 1997 முதல் காசே வாங்குவதில்லை, இரவு பகல் ஓடுகிறது. ஒரு வழிக்கு 25 நிமிடம். மன்ஹாட்டனிலிருந்து கிளம்பும்போது வலதுபக்க இருக்கையில் அமருங்கள், சிலை அந்தப் பக்கம்தான் வரும். அக்கரையில் எல்லோரும் இறங்கித் திரும்ப ஏற வேண்டும் என்பது மட்டும் சின்னத் தொந்தரவு. படகுத்துறைக்குப் போக, பென் ஸ்டேஷனிலிருந்து 1ஆம் எண் சுரங்க ரயில் நேராக சவுத் ஃபெர்ரி போகிறது. ஏறும் இடம், இறங்கும் இடம் இரண்டிலும் லிஃப்ட் உண்டு. இதை அழுத்திச் சொல்லக் காரணம், 1904இல் ஓடத் தொடங்கிய அந்தச் சுரங்க ரயிலின் பெரும்பாலான ஸ்டேஷன்களில் இன்றும் லிஃப்ட் கிடையாது. மற்ற இடங்களுக்கு நகரப் பேருந்தே நல்லது. நிறுத்தத்தில் வண்டி நின்றதும் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துவார். புஸ்ஸென்று காற்று இறங்கி, யானை மண்டியிடுவது போல முன்பக்கம் தாழும். தாழவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள், இறக்கிக் கொடுப்பார்.

சர்க்கரை இருக்கிறது என்றீர்களே, நியூயார்க்கில் கழிவறை ஒரு பெரிய பிரச்சினை. 42ஆவது தெருவில் நூலகத்துக்குப் பின்னால் பிரையன்ட் பூங்கா இருக்கிறது. அங்கே உள்ள பொதுக் கழிவறையில் பூங்கொத்து வைத்திருப்பார்கள், அவ்வளவு சுத்தம். பூங்காவில் நாற்காலிகளும் நிறைய. நான் போடும் நியூயார்க் திட்டம் எல்லாமே அந்தப் பூங்காவைச் சுற்றித்தான் சுழலும். அதில் எனக்கு வெட்கமில்லை.

அடுத்து வாஷிங்டன், நாலு இரவு. உங்களுக்கு இருப்பதிலேயே ஏற்ற ஊர் இதுதான். மெட்ரோபார்க்கிலிருந்து ஆம்ட்ராக்கின் நார்த்ஈஸ்ட் ரீஜனல் வண்டியில் ஏறக்குறைய 3 மணி நேரம். அசெலா என்ற வேக வண்டிக்குக் கூடக் கொடுத்து மிச்சப்படுத்தும் அரைமணி நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? கட்டுச்சோறு எடுத்துப் போகலாம், இருக்கையிலேயே சாப்பிடலாம். 'கொயட் கார்' என்று எழுதிய பெட்டியில் மட்டும் ஏறிவிடாதீர்கள். அங்கே போன் பேசக் கூடாது, பக்கத்து ஆளிடம் பேசுவதும் கிசுகிசுப்பாகத்தான். நம்மவர்கள் அதில் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் போட்டுப் பேச்சு வாங்கிய கதை என்னிடம் நிறைய உண்டு.

வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் போன்ற பெரிய ஸ்டேஷன்களில் சிவப்புத் தொப்பிக்காரர்கள் என்று ஆம்ட்ராக் ஊழியர்கள் இருக்கிறார்கள். பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, மற்ற பயணிகளை உள்ளே விடும் முன்பே உங்களை வண்டியில் ஏற்றிவிடுவார்கள். கட்டணம் இல்லை, பெட்டிக்கு இரண்டு டாலர் கையில் கொடுப்பது மரியாதை. சாதாரண வகுப்பில் பெரும்பாலும் இருக்கை எண் கிடையாது என்பதால், சேர்ந்தாற்போல் இரண்டு இடம் பிடிக்க இவர்களே வழி. சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடலாம். "எனக்கு என்ன, நான் நடந்துவிடுவேன்" என்று உங்கள் வீட்டம்மா சொல்வார்கள். எல்லா அம்மாக்களும் அதைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் கேட்காமலேயே பதிந்துவிடுங்கள்.

ஊருக்குள் மெட்ரோ ரயில் ஓடுகிறது. 1976இல் தொடங்கியது என்பதால் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் வைத்தே கட்டிவிட்டார்கள். ஆனால் சில இடங்களில் எஸ்கலேட்டர் ஒரு தெருவிலும் லிஃப்ட் இன்னொரு தெருவிலும் வெளியே வரும். எந்த வாசலில் லிஃப்ட் என்று முதல் நாள் இரவே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பழுதான லிஃப்ட்களின் பட்டியலையும் மெட்ரோ இணையத்தில் போடுகிறது. தட்டிச் செல்லும் வங்கி அட்டையே டிக்கெட், ஆளுக்கு ஒன்று வேண்டும். முதியோருக்குப் பாதிக் கட்டண அட்டை உண்டுதான், ஆனால் நாலு நாளுக்காக அதற்கு அலைய வேண்டாம். ஒரு எச்சரிக்கை: சுற்றுலாப் பயணிகளுக்கு வசதியாகச் சர்க்குலேட்டர் என்றொரு மலிவுப் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. பழைய வழிகாட்டிகளிலும் யூடியூப் வீடியோக்களிலும் இன்னும் அதைச் சொல்வார்கள். 2024 டிசம்பரோடு அதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தத்தில் போய்க் காத்து நிற்காதீர்கள்.

நாடாளுமன்றக் கட்டடத்துக்கும் லிங்கன் நினைவகத்துக்கும் நடுவில் உள்ள மைதானம் ஏறக்குறைய 3 கிலோமீட்டர். படத்தில் பார்த்தால் எதிரெதிரே இருப்பது போலத் தெரியும். நடக்காதீர்கள். லிங்கனை மாலையில் டாக்சியில் போய்ப் பாருங்கள். சிலை வரைக்கும் ஏற, நினைவகத்தின் முன்னால் உள்ள சதுக்கத்திலிருந்தே 58 படி. உங்கள் வீட்டம்மா கீழே குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும், விளக்கு போட்ட பிறகு கீழேயிருந்து பார்த்தாலே லிங்கன் நன்றாகத் தெரிவார்.

மைதானத்தின் இரு பக்கமும் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள்தான் உங்களுக்கு முக்கியம். நுழைவுக் கட்டணமே இல்லை. குளிர்சாதனம், லிஃப்ட், பெஞ்சு, சுத்தமான கழிவறை எல்லாம் உள்ளேயே, பலவற்றில் உணவகமும் உண்டு. சக்கர நாற்காலியும் இலவசமாக இரவல் தருவார்கள். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் நீலநிற ஹோப் வைரம், 45.52 காரட், ஆந்திராவின் கொல்லூர்ச் சுரங்கத்திலிருந்து போனதாகச் சொல்லப்படுவது. ஆசியக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் நம் சோழர் காலச் செப்புச் சிலை ஒன்று உண்டு. செம்பியன் மாதேவியைப் பார்வதியாக வடித்தது என்று அவர்கள் அடையாளம் சொல்கிறார்கள். அன்றைக்குக் காட்சியில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். பார்த்துவிட்டு வந்த என் வாடிக்கையாளர் ஒருவர் மனைவி, "வெள்ளை மாளிகையெல்லாம் மறந்துபோச்சு, அந்த இடுப்பு வளைவு மட்டும் கண்ணிலேயே நிக்குது" என்றார். 1903இல் ரைட் சகோதரர்கள் பறந்த விமானம் இருக்கும் விண்வெளி அருங்காட்சியகத்துக்கும் கட்டணம் இல்லை, ஆனால் நேரம் குறித்த சீட்டை முன்பே இணையத்தில் எடுக்கச் சொல்கிறார்கள். அதை மகனிடம் விட்டுவிடுங்கள்.

ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும் உள்ள அறை கேளுங்கள். தயிர் எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஊரிலிருந்து ரைஸ் குக்கர் கொண்டுபோகும் யோசனை இருந்தால் இப்போதே கைவிடுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் 230 வோல்ட் குக்கர் அதில் வெதுவெதுப்பாகத்தான் ஆகும். மகன் வீட்டிலிருந்து அந்த ஊர் குக்கரைக் கொண்டுபோய்த் தாளித்தால் புகை எச்சரிக்கை மணி அடித்து மாடி மாடியாக ஆட்கள் வெளியே ஓடி வருவார்கள். இதுவும் நடந்திருக்கிறது.

திரும்பும் வழியில் பிலடெல்பியாவில் இரண்டு இரவு இறங்கலாம். 1776இல் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்ட கட்டடமும், 'லிபர்ட்டி பெல்' என்ற விரிசல் விட்ட மணியும் எதிரெதிரே இருக்கின்றன. மணியைப் பார்க்கக் கட்டணமும் இல்லை, முன்பதிவும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு ரீடிங் டெர்மினல் சந்தை. அலுப்பாக இருந்தால் இந்த ஊரை விட்டுவிடுங்கள், குறையில்லை.

நயாகராதான் கஷ்டமான துண்டு. அதைப் பார்க்காமல் வந்தால் ஊரில் எல்லோரும் கேட்பார்கள், தெரியும். நியூயார்க்கிலிருந்து ரயிலில் 740 கிலோமீட்டர், ஏறக்குறைய 9 மணி நேரம். எடிசனிலிருந்து விடியற்காலையில் கிளம்பும் இரண்டு நாள் பேருந்து டூரில் ஏற்றிவிடலாமே என்று மகன் சொல்வார். வேண்டாம். சர்க்கரை உள்ளவருக்கு வண்டி நிற்கிற நேரத்தில்தான் கழிவறை என்பது சரிப்படாது, மடக்கி வைத்த முழங்கால் இரண்டாம் நாள் நீட்டவே மாட்டேன் என்னும். நான் சொல்லும் வழி இது: போகும்போது ரயில், வரும்போது நயாகராவுக்குப் பக்கத்து நகரமான பஃபலோவிலிருந்து, எடிசனுக்குப் பக்கத்தில் உள்ள நெவார்க்குக்கு விமானம். ரயிலில் இடதுபக்கம் அமர்ந்தால் நியூயார்க்கை விட்டதும் ஹட்சன் நதி கூடவே வரும், அல்பனி வரை இரண்டரை மணி நேரம் ஜன்னலை விட்டுக் கண் நகராது. நடுநடுவே எழுந்து நடக்கலாம், கழிவறை அந்தப் பெட்டியிலேயே உண்டு.

நயாகரா ஸ்டேஷன் அருவியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, டாக்சி எடுங்கள். ஹோட்டல் மட்டும் அமெரிக்கக் கரையில், அருவியை ஒட்டிய பூங்காவுக்கு நடக்கும் தூரத்தில் இருக்கட்டும். கனடா பக்கத்திலிருந்துதான் காட்சி அழகு என்று பத்துப் பேர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் கனடா வீசா இல்லாமல் எல்லைப் பாலத்தில் கால் வைக்காதீர்கள். பூங்காவுக்குள் போகக் கட்டணம் இல்லை. 1885இல் ஏற்பட்ட பூங்கா அது. அருவிக்கு அருகே கொண்டுபோகும் மெய்ட் ஆஃப் தி மிஸ்ட் படகுக்குப் பார்வைக் கோபுரத்திலிருந்து லிஃப்டிலேயே கீழே இறங்கிவிடலாம். நீலநிற மழையங்கி கொடுப்பார்கள். படகில் நின்றுகொண்டேதான் 20 நிமிடம் போக வேண்டும், ஆகவே கம்பி ஓரமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். 'கேவ் ஆஃப் தி விண்ட்ஸ்' என்று அருவியின் அடியில் மரப்படிகளில் ஏறும் சுற்று ஒன்று உண்டு, அது உங்கள் வீட்டம்மாவுக்கு வேண்டாம். கோட் தீவில் டெராபின் முனை வரை டாக்சியில் போனால், தண்ணீர் விளிம்பு தாண்டிக் கவிழும் இடத்தைக் கைப்பிடிக்குப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். படகைவிட அங்கே நின்றதைத்தான் பலர் திரும்பி வந்து பேசுகிறார்கள்.

சான்பிரான்சிஸ்கோ ஆசையை இந்த முறை தள்ளி வையுங்கள். சிகாகோவிலிருந்து கிளம்பும் கலிஃபோர்னியா செஃபிர் என்ற ரயில் 3,900 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, இரண்டு இரவு கழித்து வளைகுடாவுக்கு இந்தப் பக்கம் எமரிவில்லில் விடும். கால அட்டவணைப்படியே 50 மணி நேரத்துக்கு மேல். தண்டவாளம் சரக்கு ரயில் கம்பெனிகளுடையது, ஆகவே தாமதம் சர்வ சாதாரணம். இருவருக்கான சிறிய அறையில் ஒரு படுக்கை மேலே. நம் ஸ்லீப்பரில் மேல் பெர்த் வந்தால் டி.டி.ஆரிடம் கெஞ்சி மாற்றிக்கொள்வோம், அங்கே அது நடக்காது. ஏறித்தான் ஆக வேண்டும். சாப்பாட்டு அறையும் கண்ணாடிக் கூரைப் பெட்டியும் குறுகிய படிக்கட்டுக்கு மேலே. அடுத்த முறை போவதானால் கீழ்த்தள அறை கேட்டு வாங்குவது எப்படி என்று தனியாக எழுதுகிறேன்.

கிளம்புமுன் இரண்டு விஷயம். வருகையாளர் மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே உள்ள சர்க்கரைக்கு அது எந்த அளவுக்குப் பணம் தரும் என்று எழுத்தில் வாங்குங்கள். மலிவான பாலிசிகள் திடீர்ச் சிக்கலுக்கு மட்டும்தான் தரும், சிலது அதுவும் தராது. மாத்திரைகளை அட்டைப்பெட்டியோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள், ஸ்டேஷனில் பெட்டி எங்கே போனாலும் அது உங்கள் தோளில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டும் அப்படியே.

மகனுக்கு லீவு இல்லை என்றாலும் சனிக்கிழமை இருக்குமே? முதல் நியூயார்க் பயணத்தை ஒரு சனிக்கிழமையில் வைத்து அவரையும் கூட்டிப் போங்கள். டிக்கெட்டை நீங்கள் எடுங்கள், லிஃப்ட் எங்கே என்று நீங்கள் காட்டுங்கள், அவர் பின்னால் வரட்டும். படகில் வலதுபக்க இருக்கையைப் பிடித்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். எடிசனில் வருடக்கணக்காக இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த ஆரஞ்சுப் படகில் ஏறியதே இல்லை.